சின்னச் சின்ன சந்தோசத்த தூரத்துல இருக்கிற கூட்டாளிமாருக்கு அனுப்புறது எப்பிடி

கூட்டாளிமார் ஆளுக்கொரு நாட்டுக்கு போன பிறகு எல்லாரும் செய்யிறது ஒரு வாட்ஸ்அப் குரூப் துவங்குறது தான், துவங்கி ரெண்டு கிழமைக்கு கதை பறக்கும், பிறகு பிறந்தநாளுக்கு கேக் படம், ஆரும் செத்தா கும்பிடுற கை, இடையில குட்மோர்னிங் பூ, அதோட சரி. குரூப் வருசக்கணக்கா உயிரோட இருக்க வேணுமெண்டா பெரிய நியூஸ நம்பேலாது, பெரிய நியூஸ் எப்பவாவது தான் வரும். சின்ன விசயம் தான் ஒவ்வொரு நாளும் வரும். காலமை குடிச்ச தேத்தண்ணி, றோட்டுக் கரையில படுத்திருந்த மான், பஸ்ஸில இருக்கேக்க சும்மா வந்த ஒரு யோசனை, இதுகள எப்பிடி அனுப்பினா மற்றாள் ஒரு நிமிசம் உங்களுக்குப் பக்கத்துல வந்து நிப்பாரோ அப்பிடி அனுப்புறதுக்கு கொஞ்சம் பழகவேணும். நான் இருக்கிறது திருகோணமலையில, எங்கட செட் டொரன்டோ, லண்டன், டோஹா, மெல்பேர்ன் எண்டு கிடக்குது, அதால நான் சொல்லுற உதாரணம் எல்லாம் எங்கட ஊர், நீங்க உங்கட ஊர வச்சு வாசிங்க.

முதல்ல ஆக்கள். நூறு பேர் இருக்கிற ஓஎல் பட்ச் குரூப்புல இத செய்யேலாது. அங்க மரண அறிவித்தல் வரும், பள்ளிக்கூட கட்டடத்துக்கு காசு சேர்க்கிற மெசேஜ் வரும், அதுக்கு நடுவுல போய் இண்டைக்கு இஞ்சி பிளேன்டீ நல்லா இருந்திச்சு எண்டு போட்டா ஆருக்கும் என்ன சொல்லுறதெண்டு தெரியாது. ஐஞ்சு பேர், மிஞ்சினா எட்டுப் பேர், ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லி கூப்பிடுற அளவு பழக்கம், அப்பிடி ஒரு குட்டி குரூப்ப தனியா துவங்குங்க. அதுல பார்வேர்டு மெசேஜ் போடக்கூடாது எண்டு முதல் நாளே கதைச்சு வைக்கிறது நல்லம், ஒராள் ஒரு பார்வேர்ட போட்டா அடுத்தாளும் போடுவார், பிறகு சொந்தக் கதை எல்லாம் மேல போய் மறைஞ்சிடும்.

அடுத்தது என்னத்த அனுப்புறது எண்டது. இதுல தான் கன பேர் பிழை விடுறாங்க, அனுப்புற அளவுக்கு ஒண்டும் நடக்கேல்ல எண்டு விட்டிடுவாங்க. ஒண்டும் நடக்கத் தேவையில்ல. அண்டைக்கு ஒருக்கா எதையாவது கண்டு நிண்டு பாத்தீங்களா, ஒருக்கா வாய்க்குள்ள சிரிச்சீங்களா, அது காணும். ஆனா ஒரே ஒண்டு தான். மூண்டு விசயத்த சேர்த்து அனுப்பினா மற்றாள் எதுக்கு பதில் சொல்லுறதெண்டு தெரியாம பேசாம இருந்திடுவார்.

அந்த ஒண்ட சொல்லேக்க குறிப்பா சொல்லுங்க. "இண்டைக்கு மீன் கறி சூப்பர்" எண்டா அது வெறும் அறிவித்தல், டோஹாவுல இருக்கிறவனுக்கு ஒண்டும் போய்ச் சேராது. "நேத்து வச்ச கீரிமீன் கறி, காலமை சட்டியடியில கொஞ்சம் கிடந்திச்சு, சூடாக்காம பாணால வழிச்சு தின்னன், அம்மா பாத்திட்டு பேசாம போறா" எண்டு எழுதிப் பாருங்க. சட்டி தெரியுது, ஆறின கறி தெரியுது, அம்மாட முகமும் தெரியுது. சட்டி வழிச்சு வளந்த எல்லாருக்கும் அது தங்கட வீட்டு குசினிய கொண்டு வந்து காட்டும். அதே மாதிரி "பீச்சுக்கு போனன்" எண்டு போடாதீங்க, டச்சு பேயில எந்தப் பக்கம், கடல் எப்பிடி கிடந்திச்சு, ஆர் பக்கத்துல இருந்தது, கையில என்ன இருந்திச்சு, இதுல ரெண்டு வந்தா போதும். சம்பந்தர் ராமேஸ்வரத்துல நிண்டு கொண்டே கோணமலையப் பாடினார், இங்க கால் வைக்கவேயில்ல எண்டு தான் சொல்லுறது, ஆனா அலை முத்துக்கள கொண்டு வந்து கரையில கொட்டுறத சொல்லிப் பாடியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டுல பாடினத இண்டைக்கு கோயில் படியில நிண்டு கேட்டாலும் கடல் கண்ணுக்குள்ள வருது, அலையையும் முத்தையும் சொன்னதால.

படமா, வொய்ஸா, எழுத்தா எண்டது தான் அடுத்த கேள்வி. கண்ணால பாக்கிறத படம் எடுங்க, காதால கேக்கிறத வொய்ஸில அனுப்புங்க, சூடு, மணம், ருசி எண்டா எழுதுங்க. உதாரணத்துக்கு எங்கட ஊருக்குப் பக்கத்துல இருக்கிற கன்னியா. வெந்நீர் ஊற்று ஏழு கிணறு பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, ராவணன் தாய்ட கிரியைக்கு தண்ணி தேடி வாளால குத்தினதால வந்தது எண்டு சின்னனில இருந்து கேட்டு வளந்த கதை. அத போட்டோ எடுத்து அனுப்பினா என்ன தெரியும்? சதுரமா கட்டின ஏழு குட்டித் தொட்டியில தண்ணி. போனவனுக்குத் தான் தெரியும் முதல் வாளி தலையில விழேக்க தோள் எப்பிடி சுருங்குது, அடுத்த கிணத்துக்கு போனா இது என்ன இவ்வளவு வித்தியாசம் எண்டு எப்பிடி சிரிப்பு வருது, குளிச்சு முடிச்சு ஈரத்துணியோட நிக்கேக்க காலமைக் காத்து பட்டு உடம்பு எப்பிடி இருக்குது எண்டு. இதெல்லாம் எழுத்துல தான் வரும், நாலு வரி எழுதினா போதும். சனம் வர முதல் விடிய வெள்ளன போறது நல்லம், கூட்டத்துக்குள்ள நிண்டா எந்தக் கிணறு எந்தச் சூடு எண்டு ஆறுதலா பாக்கேலாது.

வொய்ஸ் எண்டா உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற நேரம் போய் நில்லுங்க. ரெண்டு பக்கமும் ஆக்கள் வரிசையா நிண்டு கயித்த இழுக்கேக்க ஒராள் குரல் குடுப்பார், மற்றாக்கள் சேர்ந்து சொல்லுவாங்க, மடி கரைக்கு கிட்ட வர வர அந்த வேகம் கூடும், காகமெல்லாம் மேல சுத்தும். நாப்பது செக்கன் போதும், நீங்க ஒண்டும் கதைக்க வேணாம், கடைசியில மட்டும் "உப்புவெளி, கரைவலை, மணி ஏழு" எண்டு சொல்லி விடுங்க. படம் எடுக்கிறதெண்டா முதல்ல கேளுங்க, கயிறு பிடிச்சிருக்கிற ஆக்கள் கைய நீட்டி மறிக்கேலாது, கேட்டா சிரிச்சுக் கொண்டு ஓம் எண்டு தான் சொல்லுவாங்க, நேரம் இருந்தா ஒரு கை குடுத்து இழுங்க. காத்து அடிக்கிற நேரம் வொய்ஸ் எடுக்கிறதெண்டா முதுக காத்துப் பக்கம் வச்சு, போன் அடியில இருக்கிற மைக்க உள்ளங்கையால லேசா மறைச்சு பிடிங்க. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காத்து அடிக்கிற காலத்துல இது இல்லாட்டி வெறும் பர்ர்ர் எண்டு தான் கேக்கும். ஆனா எனக்கு அந்த பர்ரும் பிடிக்கும், கச்சான் அடிக்குது எண்டு ஊர்க்காரனுக்கு சொல்லாமலே விளங்கும்.

போட்டோவுக்கு ஒரு கண்டிசன். எங்கட ஊர்ல கோட்டைக்குள்ள ஆமி இருக்கு, துறைமுகப் பக்கம் நேவி இருக்கு, கோணேசர் கோயிலுக்கு போற றோட்டே பிரட்ரிக் கோட்டைக்குள்ளால தான் போகுது, அதால கேம்ப் பக்கம் போன தூக்காதீங்க, கோயிலடிக்குப் போய் மான், கடல், ராவணன் வெட்டு எண்டு எடுக்கலாம். மான் படம் எண்டா எங்கட குரூப்புல எப்பவும் ஓடும், இந்த ஊர்ல புள்ளிமான் ஆட்டுக்குட்டி மாதிரி கடை வாசல்ல நிக்கும். படத்துக்காக கையில இருக்கிறத போட்டு கிட்ட கூப்பிடாதீங்க, சாப்பாட்டுப் பார்சல் பொலித்தீனையும் சேர்த்து தின்னு செத்த மான் இருக்கு. தள்ளி நிண்டு எடுத்தாலே வடிவு தான்.

நேரம். இத யோசிக்காம அனுப்பினா நல்ல மெசேஜும் நித்திரைக்குள்ள போயிடும். இங்க காலமை ஆறு மணிக்கு லண்டன்காரன் நடுச்சாமம் தாண்டி நித்திரை, டோஹாவுல விடிய மூண்டரை, ஆனா டொரன்டோவுல முதல் நாள் பின்னேரம் எட்டரை, குளிர்காலம் எண்டா ஏழரை, அவன் வேலையால வந்து சாப்பிட்டு இருக்கிற நேரம். அதால காலமை கடல் டொரன்டோவுக்கு போகட்டும். இங்க பின்னேரம் ஆறு எண்டா டோஹாவுல மூண்டரை, லண்டன்ல பகல் சாப்பாட்டு நேரம், டொரன்டோவுல அவன் வேலைக்கு பஸ் பிடிக்கிற நேரம், மெல்பேர்ன் மட்டும் படுக்கப் போற நேரம், அந்த ஒரு மணித்தியாலத்துல தான் எல்லாரும் ஒருக்கா முழிச்சிருக்கிறது. எங்கட குரூப்புல நேரடியா கதை ஓடுறதெண்டா அந்த நேரம் தான். மற்ற நேரம் மியூட் பண்ணி வைங்கோ, பிறகு பாப்பம் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைங்க, மியூட் பண்ணுறது கோவம் இல்ல எண்டு விளங்கினா ஆரும் குரூப்ப விட்டுப் போக மாட்டாங்க.

நேரத்த வச்சு செய்யிறதுல எனக்கு ஆகப் பிடிச்சது போயா நாள், முழு நிலா வாற நாள். எங்கட டவுன் ரெண்டு கடலுக்கு நடுவுல ஒரு ஒடுக்கமான தரையில இருக்கு, ஒரு பக்கம் கிழக்க பாத்த டச்சு பே, மற்றப் பக்கம் மேற்க பாத்த இன்னர் ஹார்பர், ரெண்டுக்கும் இடையில நடக்கிற தூரம் தான். போயா அண்டைக்கு பொழுதுபடேக்க இன்னர் ஹார்பர் றோட்டுல நிண்டு சூரியன் மலைக்கு பின்னால இறங்குறத பாத்திட்டு, உடன திரும்பி நடந்து டச்சு பேக்கு வந்தா நிலா கடலுக்குள்ள இருந்து செம்மஞ்சளா எழும்பிக் கொண்டு வரும், வழியில இறால் வடையும் வாங்கலாம். மழைக்காலத்துல முகில் மறைக்கும், மார்ச்சில இருந்து செப்டெம்பர் வரைக்கும் கூடுதலா பாக்கலாம். ரெண்டு படம் எடுத்து ஒண்டா போட்டு "உங்கட ஊர்லயும் பொழுதுபட்ட கையோட கிழக்க பாருங்க" எண்டு எழுதுங்க. டோஹாவுல ரெண்டு மணித்தியாலம் போல கழிச்சு அவன் பில்டிங் இடுக்குக்குள்ளால அதே நிலாவ எடுத்துப் போடுவான், பிறகு லண்டன், பிறகு டொரன்டோ, விடிய எழும்பி பாத்தா குரூப் முழுக்க நிலா. ஒரு சதம் செலவில்லாம எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இத விட ஒண்டும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் நிலா வர முக்கால் மணித்தியாலம் போல பிந்தும், அதால போயா அண்டைக்கே செய்யுங்க.

இனி சும்மா வாற யோசனை. இத அனுப்ப கன பேருக்கு கூச்சம், என்னடா இவனுக்கு விசரா எண்டு நினைப்பாங்க எண்டு. ஆனா குரூப்புல நீளமா கதை ஓடுறது இதுக்குத் தான். ஒரு பொருள்ல இருந்து துவங்குங்க, வாழ்க்கை எண்டா என்ன எண்டு துவங்காதீங்க. உதாரணத்துக்கு கொழும்புல இருந்து வாற இரவு ரயில்ல விடிய சீனன்குடா கிட்டவாகேக்க ஆரும் எழுப்பாமலே பெட்டி முழுக்க சனம் எழும்பி செருப்பு தேடுது, உடம்புக்கு எப்பிடித் தெரியுது ஊர் வந்திட்டுது எண்டு? இத போட்டா ஒராள் கடல் மணம் எண்டுவார், ஒராள் ரயில் மெதுவாகிற சத்தம் எண்டுவார், லண்டன்ல இருக்கிறவ தான் பிளேன் இறங்க முதலும் அப்பிடித்தான் முழிக்கிறது எண்டு சொல்லுவா. இல்லாட்டி கிண்ணியாப் பாலம், 396 மீட்டர், 2009ல திறந்தது, அதுக்கு முதல் பாதையில தான் கடக்கிறது, பாதை எண்டா ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கொண்டு போற மிதவை, பாதைக்கு காத்து நிக்கேக்க தெரியாத ஆக்களோட கதைச்ச கதையெல்லாம் இப்ப எங்க நடக்குது? பாலம் வந்தது எவ்வளவு நல்லம், ஆஸ்பத்திரிக்கு போற ஆக்களுக்கு தெரியும் அந்த அருமை, ஆனாலும் அந்தக் கதைகள் எங்க போச்சு எண்டு கேக்கலாம் தானே. முடிவு சொல்ல வேணாம். பாதியில விடுங்க, மிச்சத்த மற்றாக்கள் சொல்லட்டும்.

தமிழ் டைப் பண்ண கஷ்டம் எண்டா போன் கீபோர்டுல தமிழ வச்சு மைக்க அமத்தி கதைச்சா அது எழுதித் தரும், எங்கட பேச்சு சில நேரம் விளங்காம ஒண்டுக்கு ஒண்டு எழுதும், அத ஒருக்கா திருத்தி விடுங்க. கதைக்கிற மாதிரியே எழுதுங்க. கடிதத் தமிழ்ல "நான் இன்று கடற்கரைக்குச் சென்றேன்" எண்டு வந்தா உங்கட குரல் அதுல இருக்காது.

பதில் போடுறதும் பாதி வேலை. ஒராள் சட்டி வழிச்ச கதைய எழுதியிருக்கேக்க ஒரு தம்ஸ்அப்ப போட்டா அந்தக் கதை அதோட படுத்திடும். ஒரு கேள்வி கேளுங்க, ஒண்டே ஒண்டு, "புளி கூடவா போட்டது?" "மானுக்கு கொம்பு இருந்திச்சா?" "வடை எந்தக் கடை மச்சான்?" எண்டு. கேள்வி கேட்டா தான் அவனுக்கு தெரியும் நீங்க உண்மையா வாசிச்சீங்க எண்டு. அதே கையோட உங்கட பெரிய கதைய தூக்கி அதுக்கு மேல வைக்காதீங்க, ஒருத்தி வாசல்ல பூத்த நித்தியகல்யாணிய காட்டேக்க நீங்க உடன நயாகரா போட்டோ போடுறது சரியில்ல. நயாகரா நாளைக்கும் இருக்கும்.

வெளிநாட்டுல இருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். நீங்க நினைக்கிறீங்க ஊர்ல இருந்து தான் சந்தோசம் வரவேணும், உங்கட பக்கத்துல காட்ட ஒண்டும் இல்ல, வேலை, குளிர், பில் எண்டு. அப்பிடி இல்ல. எங்களுக்கு உங்கட நாள் தெரியவேணும். சப்வேயில பக்கத்து சீட்டுல இருந்த கிழவி தந்த டொபி, நைட் ஷிப்ட் முடிஞ்சு வரேக்க வெறும் றோட்டுல கேட்ட குருவிச் சத்தம், டோஹாவுல ரூமுக்குள்ள ஆறு பேர் சேர்ந்து ரைஸ் குக்கர்ல வச்ச பருப்பு, இதுகள அனுப்புங்க. ஊர்ல இருந்து மட்டும் வந்து கொண்டிருந்தா அது நாளாக நாளாக உங்களுக்கு ஏக்கத்த மட்டும் தான் தரும், ரெண்டு பக்கமும் வந்தா தான் நாங்க இப்ப எப்பிடி இருக்கிறம் எண்டு ஒருத்தருக்கொருத்தர் தெரியும். கஷ்டமான நாள்ல சந்தோசம் தேடிப் பிடிச்சு போடத் தேவையில்ல, "இண்டைக்கு ஒண்டும் இல்ல" எண்டு எழுதினாலும் சரி, அத கண்டா ஒராள் தனியா கோல் எடுக்கவேணும், குரூப்புக்குள்ள வச்சு என்ன பிரச்சின எண்டு கிண்டக்கூடாது. வீட்டுல செத்தவீடு நடந்தவங்க ஆரும் குரூப்புல இருந்தா கொஞ்ச நாள் சாப்பாட்டுப் படத்த நிப்பாட்டிட்டு வொய்ஸில கதைங்க.

நல்லதா வந்தத நட்சத்திரம் குத்தி வைங்க, மெசேஜ அமத்திப் பிடிச்சா அந்த ஸ்டார் வரும், பிறகு தனியா எடுத்துப் பாக்கலாம். தானா மறையிற மெசேஜ் செட்டிங்க இந்தக் குரூப்புக்கு போடாதீங்க. டேட்டா குறைவான ஆக்கள் இருந்தா வீடியோவ விட வொய்ஸ் தான் நல்லம், ஒரு நிமிச வொய்ஸ் சில நூறு கேபிக்குள்ள முடிஞ்சிடும், அதே ஒரு நிமிசம் வீடியோ எண்டா பல எம்பி இழுக்கும்.

நவம்பர் பிறந்து மழை துவங்கினா கடல் கலங்கிடும், கரைவலை நிண்டிடும், நிலாவெளியில ஹோட்டல் பாதி பூட்டிடும், அப்ப அனுப்ப என்ன இருக்கு எண்டு குரூப் தூங்கும். அந்த நேரம் வீட்டுக்குள்ள பாருங்க. தகரத்துல மழை விழுற சத்தம், ஓட்டுல விழுற சத்தம், தென்னோலையில விழுற சத்தம் மூண்டும் வேற வேற, ஒரு நாளைக்கு ஒண்டா எடுத்து எது எது எண்டு கண்டுபிடிக்க விடுங்க, மெல்பேர்ன்காரி எப்பவும் சரியா சொல்லுவா. கரண்ட் போய் சிக்னலும் இல்லாட்டி வொய்ஸ எடுத்து அனுப்புறத அமத்தி விடுங்க, மணிக்கூடு அடையாளம் காட்டிக் கொண்டு கிடக்கும், சிக்னல் வந்தோன அது தன்ட பாட்டுல போயிடும்.